மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள்: அகழ்வும் வெளிறலும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் அமைந்துள்ளன. சுண்ணாம்புக்காக இப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. அலைத்தடுப்பை இழந்த பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகளும் நீரில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னர் அகழ்வு படிப்படியாக நின்றது.

எனினும், வெப்பத்தைச் சட்டத்தால் தடுக்க இயலாது. கடல்நீர் மிகையாகச் சூடேறும்போது, தன் திசுவில் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசியைப் பவள உயிரி இழந்து வெளிறுகிறது; வெப்பம் நீடித்தால் மடிகிறது. 2010, 2016ஆம் ஆண்டுகளில் இங்கு இவ்வாறே நேர்ந்தது. வெளிறிய பாறை மீண்டெழத் தெளிந்த நீரும், பாசியை மேய்ந்து இடமளிக்கும் மீன்களும் தேவை. ஆகவே, கழிவுநீர்க் கலப்பையும் அளவுமீறிய மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்துவதே இவ்வட்டார அளவில் உடனே மேற்கொள்ளத்தக்க காப்பாகும்.