கடலைத் தொட்டுப் பார்க்கும் கப்பல்கள்

கடலோரச் சிற்றூர் ஒன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபொழுது, எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னை ஒரு கேள்வி கேட்டான். அவன் தந்தை கட்டுமரத்தில் சென்று மீன் பிடிப்பவர். "கடலுக்குப் போக வேண்டாமென்று வானொலியில் சொல்கிறார்களே, ஐயா, கடலை யார் போய்ப் பார்த்து வந்தார்கள்?" என்றான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்தறிந்ததை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலில் பார்த்து வந்தவர்கள் மாலுமிகளே. 1853-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரில் கூடிய கடலோடி நாடுகளின் பிரதிநிதிகள், கப்பல்கள் யாவும் காற்றையும் நீரின் வெப்பத்தையும் ஒரே முறையில் குறித்து வைக்க வழி வகுத்தனர். வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கி, கடல்நீரை முகந்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பார்கள். எளிய வேலையென்று தோன்றுகிறதன்றோ? ஆனால் வாளி கித்தான் துணியாலானதாயின், காற்றுப் பட்டு ஈரம் ஆவியாகி, உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனாலேயே. இதனை வகுப்பில் தகர வாளியையும் துணிப்பையையும் கொண்டு செய்து காட்டினேன். பையிலிருந்த வெப்பமானி இறங்குவதைக் கண்டு பிள்ளைகள் ஆரவாரித்தனர். பிற்காலத்தில், இயந்திரத்தைக் குளிர்விக்கக் குழாய் உறிஞ்சும் நீரை அளந்தார்கள். இயந்திர அறையின் சூடு ஏறி, அது சற்றுக் கூடுதலாகக் காட்டியது.

அரைப் பாகை பிழைதானே என்று தள்ளிவிட இயலாது. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 28 பாகை செல்சியஸைத் தாண்டிய இடங்களிலேயே பெருமேகங்கள் திரளும் வாய்ப்பு மிகுதி என்பதைச் சுலோசனா காட்கில் முதலிய இந்திய அறிஞர்கள் 1984-இல் எடுத்துக்காட்டினர். காரணம் யாதெனில், ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை ஆவி சுமந்துகொண்டு மேலே செல்கிறது. மேகமாகக் குளிரும்பொழுது அங்கே இறக்கி வைக்கிறது. மழைக்கும் புயலுக்கும் அதுவே விறகு.

எவ்வளவு விறகு ஏறுகிறது என்று கடல்மேல் நின்றே அளக்க, 1999 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வங்காள விரிகுடாவின் வடக்கிலும் தெற்கிலும் 'சாகர் கன்யா', 'சாகர் த்வனி' ஆகிய கப்பல்கள் நின்றன. 15 நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 80 அறிஞர்கள் அம்முயற்சியில் ஈடுபட்டனர். கொந்தளிக்கும் பருவக்காற்றின் நடுவே கப்பல் தளத்தில் நின்று பலூன் விடுவது விளையாட்டன்று. ரேடியோ கருவியைச் சுமந்து மேலேறும் பலூன், வழியெல்லாம் வெப்பத்தையும் ஈரத்தையும் அறிவித்துக்கொண்டே போகும். நீருக்குள் கம்பியில் இறக்கும் கருவி, ஆழத்தோடு வெப்பத்தையும் உப்பையும் சொல்லும்.

இதிலும் கப்பலே ஓர் இடையூறு. அதன் இரும்பு உடல் வெயிலில் காய்ந்து அருகிலுள்ள காற்றைச் சுடுகிறது. வீசும் காற்றையும் தடுக்கிறது. ஆதலால் முகப்பிலிருந்து நீளும் கம்பத்தின் நுனியில் கருவிகளைப் பொருத்துவார்கள். அங்கே ஒலியலையால் காற்றை அளக்கும் கருவி, நொடிக்குப் பலமுறை கணக்கெடுக்கும். அலையில் கப்பல் ஆடும் ஆட்டமும் அதில் காற்றைப் போலவே பதிவாகும். அதனைத் தனியே அளந்து கழித்தாக வேண்டும்.

பெருமழை பெய்ததும் மேகம் வளர்வதற்கு உதவும் ஆற்றல் காற்று மண்டலத்தில் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் ஓரிரு நாட்களில் மீண்டுவிட்டது. மழையில் குளிர்ந்த கடல், வானம் வெளுத்ததும் மீண்டும் சூடேறியது. இன்று செயற்கைக்கோள்கள் உண்டெனினும், அவை காண்பது கடலின் மேற்புறத் தோலை மட்டுமே. உள்ளிருப்பதை அறியக் கப்பலோ மிதவையோ வேண்டும். அப்பருவத்தில் வட விரிகுடாவின் மேல்நீரில் உப்புக் குறைந்தது, தெற்கிலோ கூடியது. மழைக்காலத்தில் மேல்நீர் அவ்வளவாகக் கரிக்காது என்று அச்சிறுவனின் தந்தை என்னிடம் முன்னரே சொல்லியிருந்தார். நான்தான் அதனைக் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.