தொலைபேசிகளின் வருகைப் பதிவேடு

வகுப்பில் பேராசிரியர் பெயர் அழைக்கிறார். "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுத்த மாணவர் அடுத்த நிமிடமே பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறார். பதிவேட்டிலோ அவர் மணியடிக்கும் வரை வகுப்பில்தான் இருக்கிறார்! தொலைபேசிகளும் இவ்வாறு செய்வதுண்டு என்பதைக் காளவாசலில் ஒரு மருத்துவமனையில் பகுதிநேர வேலை பார்த்தபோது அறிந்தேன்.

அங்குள்ள மேசைத் தொலைபேசிகள் அனைத்தும் ஓர் இணைப்பகக் கணினியோடு சேர்ந்தவை. ஒவ்வொன்றும் அதனிடம், 'நான் இருக்கிறேன். என் முகவரி இது' என்று பதிந்துகொள்ளும். இதற்கான நெறிமுறைக்குச் 'சிப்' என்று பெயர். இன்று வழங்கும் அதன் வடிவம் 2002இல் வெளியானது. பதிவுக்கு ஆயுள் உண்டு. எங்கள் இணைப்பகத்தில் அது 3600 நொடிகள். அது முடியுமுன் கருவி தானே புதுப்பித்துக்கொள்ளும்.

காலைதோறும் இப்பதிவுகளை அறிக்கையாக வெளியே எடுத்துத் தருவது என் வேலை. கணினிக்காரர்கள் இதனை 'எக்ஸ்போர்ட்' என்பர். அதற்காகத் தூத்துக்குடிக்குப் போக வேண்டியதில்லை! உள்ளெண், கருவியின் 12 குறிகள் கொண்ட அடையாளம், நிலை, கடைசியாகப் பதிந்த நேரம் ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்பாக வரும். அதனை எக்செலில் அப்படியே திறந்தால் '012' என்ற உள்ளெண் '12' ஆகிவிடும். ஆகவே அந்தப் பத்தி எண் அன்று, எழுத்து என்று முதலிலேயே குறிப்பிட வேண்டும்.

ஒருநாள் காலை ஒன்பது மணி அறிக்கையில் எல்லாக் கருவிகளும் 'பதிவாகியுள்ளது' என்றே இருந்தன. சற்று நேரத்தில் நெஞ்சுவலியோடு ஒரு முதியவர் வந்தார். வரவேற்பறையிலிருந்து மாடிச் செவிலியர் அறைக்கு அழைத்தார்கள், பதில் இல்லை. ஒருவர் படியேறி ஓடினார். நல்லவேளை, பெரியவர் பிழைத்தார்.

"அறிக்கை சரியாகத்தானே இருக்கிறது!" என்று நான் வாதிட்டேன். பிறகுதான் தெரிந்தது: தரை துடைக்கும்போது 8.40 மணிக்குக் கம்பி கழன்றிருக்கிறது. கருவி கடைசியாகப் பதிந்ததோ 8.25 மணிக்கு. அதன் ஆயுள் 9.25 வரை! இறந்த கருவியை உயிரோடிருப்பதாக எழுதியிருந்தது என் அறிக்கை.

இதற்கு மருந்தும் உண்டு. நிமிடத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் 'இருக்கிறாயா?' என்று இணைப்பகமே கேட்கும்படி அமைக்கலாம். அவ்வாறே செய்தோம், மறுமொழி வந்ததா என்பதையும் அறிக்கையில் தனிப் பத்தியாகச் சேர்த்தோம்.

நண்பர்களே, அறிக்கையைப் படிக்கையில் 'நிலை என்ன?' என்பதோடு நின்றுவிடாதீர்கள், 'எப்போதைய நிலை?' என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க நான் மறந்த காலையில், ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்தபடி காத்திருந்தார்.