மனசாட்சியில் பட்ட காயம்

சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த காரைச் சுட்ட பிறகு, உள்ளே இருந்தது ஒரு குடும்பம் என்று தெரியவந்தால், சுட்ட சிப்பாயைப் பல வருடம் துரத்துவது குற்றவுணர்வு. உயிர்ப்பயம் அதற்குப் பின்னால்தான். இந்த வேதனைக்கு, மனசாட்சிக் காயம் என்ற பொருளில், அமெரிக்காவில் தனிப்பெயர் உண்டு. பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் வெளியான நூலில், மேலதிகாரிகளின் துரோகம் உண்டாக்கும் புண்ணைப் பற்றி எழுதினார். 2009இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸும் சகாக்களும் அதை விரித்தார்கள்: தானே செய்தது, தடுக்காமல் விட்டது, கண்ணெதிரே நடக்கப் பார்த்தது எல்லாம் இதில் அடங்கும். மருத்துவப் பட்டியலில் இது தனி நோயல்ல.

ஆறுதல் சொல்பவர் சறுக்குவது இங்கேதான். "உன் மேல் தப்பில்லை" என்றதும், நடந்ததை அறிந்த வீரர் வாயை மூடிக்கொள்கிறார். குற்றவுணர்வு ஆறுதல் சொல்லால் தீராது என்பதை மதங்கள் பழங்காலத்திலேயே புரிந்துவைத்திருந்தன. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் படைக்கே ஆயர்கள் பிராயச்சித்தம் விதித்தார்கள். கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு. ராவணனைக் கொன்ற தோஷம் தீர ராமன் லிங்கம் வைத்து வழிபட்டதாகச் சொல்கிறது ராமேஸ்வரத் தலபுராணம். நியாயமான போர் என்பது அங்கேயும் விலக்காகவில்லை.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இந்த வேதனையைக் கேட்க உட்காருபவர்கள் சாப்ளின்கள் எனப்படும் சமயப் பணியாளர்கள். தம் மதத்தை அவர்கள் திணிக்கக் கூடாது. நம்பிக்கை இல்லாதவருக்கும் துணை நிற்க வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் சாப்ளின் கிறிஸ் அண்டாலும் உளவியலாளர் பீட்டர் யோமன்ஸும் சேர்ந்து 12 வாரக் குழு ஒன்றை நடத்தினார்கள். அண்டால் ஆப்கானிஸ்தானில் ராணுவச் சாப்ளினாக இருந்தவர். அமெரிக்காவின் ட்ரோன் தாக்குதல் கொள்கையை எதிர்த்து 2016இல் பதவியைத் துறந்தவர். குழுவின் நிறைவில் வீரர்கள் பொதுமக்கள் முன் தம் கதையைச் சொன்னார்கள். கேட்டவர்கள் அவர்களைச் சூழ்ந்து நின்று, அனுப்பியவர்கள் நாங்கள், பொறுப்பில் எங்களுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். வெறும் கைதட்டலும் நன்றியும் இந்த இடத்தில் எடுபடாது.

ஆனால் மேலதிகாரியின் துரோகத்துக்கு ஆளானவருக்குப் பிராயச்சித்தம் பொருந்தாது. தீர்க்க அவரிடம் பாவம் இல்லை, கோபம்தான் உண்டு. சிலசமயம் அது கடவுள் மீதே திரும்புகிறது. உளவியலாளர் ஐரீன் ஹாரிஸ் வகுத்த, சாப்ளின்கள் நடத்தும் 8 அமர்வுக் குழுமுறை அந்தக் கோபத்தையும் பேச விடுகிறது. ஓர் ஆய்வில் மற்றொரு குழுச் சிகிச்சையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இரண்டிலும் குறைந்தன. கடவுளோடு உள்ள பிணக்கைத் தணிப்பதில் சாப்ளின் குழு முந்தியது.