பவர் டில்லருக்குச் சிக்கனமான டிரெய்லர்

விளைபொருளை வயலிலிருந்து கொண்டு சேர்ப்பது உழவுக்கு நிகரான வேலையாகும். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்த சித்தையன்கோட்டைப் பகுதியில் நெல் மூட்டை, தேங்காய், எரு, வைக்கோல் என ஏற்றுவதற்குப் பாரம் எப்போதும் உண்டு. உழவு முடிந்தபின் பவர் டில்லரைக் கொட்டகையில் நிறுத்திவைப்பானேன்? ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டு டிரெய்லரை இணைத்தால் அதுவே பார வண்டியாகிவிடும். உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே இதனைச் செய்துகொள்ளலாம்.

சிக்கனம் எங்கே?

பெட்டியில் சிக்கனம் காட்டலாம். பழைய ஆங்கிள் இரும்பும், பழைய தகடு அல்லது மரப்பலகையும் போதும். ஆனால் அச்சு, பேரிங், இணைப்புக் கொக்கி, பிரேக் ஆகிய நான்கிலும் சிக்கனம் ஆகாது. பழைய அச்சு வாங்கினால் வளைவோ விரிசலோ இல்லாததாகப் பார்த்து வாங்குக. இரு டயர்களும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். இணைப்புப் பின் நழுவாதவாறு பூட்டுக் கம்பி செருகி, கூடவே ஒரு சங்கிலியும் பிணைத்தல் நன்று.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் குரல்வளை இறுகும். டிரெய்லருக்கும் இதுவே விதி. மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் விழ வேண்டும். எடுத்துக்காட்டாக, மொத்த எடை 500 கிலோ, கொக்கியிலிருந்து அச்சு 8 அடி தூரம் எனக் கொள்வோம். பாரத்தின் நடுவிடம் அச்சுக்கு 10 அங்குலம் முன்னே அமைந்தால், கொக்கியில் சுமார் 50 கிலோ விழும். ஓட்டுபவர் டிரெய்லரின் முன்புறத்தில் அமர்வதால் அவருடைய எடையையும் சேர்த்தே கணக்கிடுக.

இறக்கத்தில் எச்சரிக்கை

வாய்க்கால் கரையிலிருந்து இறங்கும்போது பாரம் இயந்திரத்தைப் பின்னிருந்து தள்ளும். அப்போது இடப்புறத் திருப்பு கிளட்சைப் பிடித்தால் வண்டி வலப்புறம் திரும்பும். பழகாதவர்கள் கவிழ்வது இதனால்தான். எனவே இறக்கத்தில் அந்தக் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியாலேயே திருப்பி, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குக. டிரெய்லரின் இரு சக்கரங்களுக்கும் கால் பிரேக் பொருத்துவது இன்றியமையாதது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் வாகனமாகவே கொள்கிறது. ஆகையால் பொதுச் சாலையில் ஓட்டுமுன், பதிவு குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். இரவில் பின்வருவோர் கண்ணில் படும்படி சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பமே.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நடவுக்கும் அறுவடைக்கும் செல்லும் பெண்களை மூட்டைகளின்மேல் அமர்த்தி ஏற்றிச் செல்லும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். டிரெய்லர் பாரத்திற்கே உரியது, ஆட்களுக்கு அன்று. இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து நடைமுறைப்படுத்துவது உறுப்பினர்களின் பொறுப்பாகும்.