கடும்புனல் ஓவியமும் காணப்பெறாத மாந்தரும்

ஓடும் நீரை ஓடாத துணியிற் காட்டுதல் எங்ஙனம்? பாறைகளினூடே சரிந்து நுரைத்துப் பாயும் கடும்புனலைத் தீட்டப் புகுவார் எவர்க்கும் எழும் வினா இது. கனடா நாட்டு ஓவியர் ஜே. இ. எச். மக்டொனால்டு (1873–1932) இதற்குக் கண்ட விடையை ஈண்டு ஆராய்வாம்.

1918ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் லாரன் ஹாரிஸ் முதலிய நண்பர்களுடன் ஒன்டாரியோ மாநிலத்து அல்கோமாக் காட்டிற்குச் சென்றார். படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பெற்ற புகைவண்டிச் சரக்குப் பெட்டி ஒன்றே அவர்கட்கு இல்லமாயிற்று. பெட்டி நிறுத்தப்பட்ட இடங்களில் இறங்கி, சிறு பலகைகளில் எண்ணெய் வண்ணத்தாற் காட்சிகளை விரைந்து தீட்டினர். பின்னர் டொரான்டோ நகரில் அவற்றைக் கொண்டு பேரோவியங்களை வரைந்தனர். இவ்விருவரும் உள்ளிட்ட 'எழுவர் குழு' 1920இல் தோன்றியது.

அவ்வாண்டில் மக்டொனால்டு வரைந்தது 'மான்ட்ரியல் ஆற்று வீழ்ச்சி' என்னும் ஓவியம். மான்ட்ரியல் நகருக்கும் இவ்வாற்றிற்கும் தொடர்பில்லை. இது சுப்பீரியர் ஏரியிற் கலப்பது. இவ்வோவியத்தில் வானுக்குரிய இடம் மிகச் சிறிது. நீரும் பாறையும் செம்பொன்னிறக் காடுமே துணியை நிறைக்கின்றன. நுரையின் துளிகளை அவர் எண்ணிக் காட்டினாரல்லர். நீரின் போக்கைத் தடித்த தீற்றல்களாற் காட்டினார். கண் அத்தீற்றல்களின் வழியே செல்லுங்கால் நீரும் உடன் செல்வதாகத் தோன்றுகிறது. நீரின் இயக்கம் காண்போர் கண்ணின் இயக்கமாக மாறுகிறது என்க. விளம்பர ஓவியக் கூடத்தில் அவர் பல்லாண்டு பெற்ற வடிவமைப்புப் பயிற்சி இதற்குத் துணைசெய்திருத்தல் கூடும்.

எனினும், இவ்வோவியத்தில் மனிதர் ஒருவரும் இலர். இதனைக் கொண்டு அந்நிலம் ஆளற்ற காடு என்று கொள்ளுதல் பிழையாம். அது அனிஷினாபே மக்களின் தாயகம். அல்கோமாப் பகுதியின் முதன்மை நகரான சூ செயின்ட் மேரி அமைந்த இடத்தை அவர்கள் 'பாவெட்டிங்' என வழங்கினர். கடும்புனல் உள்ள இடம் என்பது அதன் பொருள். அவண் அவர்கள் நெடுங்காலம் கூடி மீன்பிடித்து வாழ்ந்தனர். ஓவியர்கள் வருதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகட்கு முன்பே, 1850இல், அந்நிலம் குறித்து அரசு அம்மக்களுடன் ராபின்சன் உடன்படிக்கைகளைச் செய்திருந்தது. ஓவியர்கள் ஊர்ந்து சென்றதும் மாந்தர் அமைத்த இருப்புப்பாதையே.

ஆகவே, ஓவியத்திற் காணும் தனிமை ஆற்றின் இயல்பன்று; ஓவியர் தேர்ந்துகொண்டது. நீரின் விரைவை வியக்கும் நாம், அந்நீருக்கு முன்பே பெயரிட்டு வாழ்ந்தாரையும் உடன் எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணத்தால் ஓவியத்தின் அழகு குறைவதில்லை. அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் தவறு மட்டும் நீங்கும்.