எச்.ஐ.வி.: எங்கே? எப்போது? – வரைபடமும் ஆண்டுக் கணக்கும் சொல்வது என்ன?

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு தொற்றையும் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தத் தகவல்களை ஆண்டு வாரியாகவும் இட வாரியாகவும் பிரித்துப் பார்ப்பதால் என்ன பயன்?

ஆண்டுக் கணக்கு

2002ஆம் ஆண்டு 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. இதுவே உச்சம். அப்போது பெரும்பாலோருக்குப் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் தொற்றியது. எனவே 2005இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கின. ஊசிவழித் தொற்று வெகுவாகக் குறைந்தது. இன்று பெரும்பாலான புதிய தொற்றுகள் பாதுகாப்பற்ற உடலுறவால் ஏற்படுகின்றன. தொற்றும் வழி மாறும்போது தடுப்புமுறையும் மாற வேண்டும்.

வரைபடம்

சிலாங்கூரில் மக்கள் அதிகம், பெர்லிசில் குறைவு. எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம். அதனால் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர் என்று கணக்கிடுகிறார்கள். 2002இல் நாடு முழுவதற்கும் இது ஏறத்தாழ 28. எந்த இடத்தில் பரிசோதனை, மருந்து, பணியாளர்கள் கூடுதலாகத் தேவை என்பதை இப்படித்தான் அறிய முடியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கோலாலம்பூரில் வேலை செய்யும் ஒருவர் ஈப்போவில் பரிசோதனை செய்திருக்கலாம். தொற்று பதிவான இடம் வேறு, தொற்றிய இடம் வேறாக இருக்கலாம். வரைபடத்தைக் கொண்டு எந்த ஊரையும் எந்த இனத்தையும் குறை கூறக்கூடாது.

கணக்கில் வராதவர்கள்

பரிசோதனை செய்த நாள், தொற்றிய நாள் அல்ல. எச்.ஐ.வி. பல ஆண்டுகள் அறிகுறி இல்லாமல் உடலில் இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால், ஏறத்தாழ 10 ஆண்டுகளில் எய்ட்ஸ் நிலையை எட்டலாம். இன்று கண்டறியப்படும் தொற்று பல ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டதாக இருக்கலாம்.

மூத்தவர்களிடம் இது எளிதில் மறைந்துவிடும். உடல் மெலிவு, சோர்வு, அடிக்கடி காய்ச்சல் ஆகியவற்றை "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். காலம் தாழ்ந்து கண்டறிந்தால் உடல் தேறுவது கடினம். அதற்குள் வாழ்க்கைத் துணைக்கும் தொற்றியிருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

• ஆணுறையின்றி உடலுறவு கொண்டிருந்தாலோ, ஊசியைப் பகிர்ந்திருந்தாலோ, அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.
• அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் கேளுங்கள். முடிவு ரகசியமாகக் காக்கப்படும்.
• தொற்று இருந்தால் உடனே சிகிச்சையைத் தொடங்குங்கள். மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால் உடலுறவின் வழி அது பிறருக்குத் தொற்றாது.
• தொடுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. தொற்று உள்ள உறவினரை ஒதுக்காதீர்கள்.

கேட்க வெட்கப்பட வேண்டாம். சீக்கிரம் தெரிந்துகொண்டால் நலமாக வாழலாம்.