முதலுதவிப் பெட்டியும் சான்றிதழும்

தொழிற்சாலையில் மருந்துப்பெட்டி இருந்தாற் போதுமென்பது பலர் கருத்து. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அங்ஙனம் கருதவில்லை. 150 தொழிலாளர்க்கு ஒரு பெட்டியேனும் வேண்டும் என்றதோடு, முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதன் பொறுப்பேற்று, வேலை நேரம் முழுவதும் அருகிருத்தல் வேண்டுமெனவும் விதித்தது. பெட்டி தானே புண்ணைக் கட்டுமோ?

நம் குமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளை நோக்குவோம். வறுக்குங்கால் அனலும், உடைக்குங்கால் ஓட்டெண்ணெயும் கையைப் புண்ணாக்கும். தீப்புண்ணில் நெய்யும் மையும் தடவுவார் இன்றும் உளர். (மை எவ்வாறு மருந்தாயிற்றோ!) குளிர்ந்த நீரை 20 நிமிடம் புண்மீது ஓடவிடுதலே முறை, கொப்புளத்தை உடைத்தலாகாது.

இத்தகையவற்றைப் பயிற்றிச் சான்றளிப்பது, 1877-இல் இங்கிலாந்தில் தோன்றிய செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம். குருதியை நிறுத்தலும் கட்டுப்போடலும் ஏட்டளவிற் கற்கத் தக்கனவல்ல, கைப்பழக்கம் வேண்டும். இப்பயிற்சிக்கு எழுத்தரை அனுப்புவதினும் உடைப்புக்கூடத்துப் பெண்மக்களுள் ஒருவரை அனுப்புதலே தக்கது. விபத்து நேருமிடத்தில் இருப்பவர் அவரன்றோ?